டகோட்டா புத்தகம்

கண்ணுசாமி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் அமலராணி அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

தடித்த நீல அட்டைப் புத்தகம். டகோட்டா விமானத்தின் பராமரிப்பு முறைகள் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. போன நவம்பர் கடைசியில், அஸ்ஸாம் மலைகளில் இருந்த ராணுவத்துக்கு அரிசி மூட்டைகளைப் போடப் போன டகோட்டா திரும்பவில்லை. காணவில்லை என்றுதான் தந்தி வந்தது; இறந்துவிட்டார்கள் என்று இல்லை. அதில் என்ஜின் பார்க்கும் வேலையாகப் போயிருந்தவன் அவள் புருஷன் பங்கிராஸ். இரண்டு மாதம் கழித்து அவனுடைய டிரங்குப் பெட்டி கீரனூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியது. சட்டைகளுக்கு அடியில் இந்தப் புத்தகம் இருந்தது.

அதன் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இப்புத்தகம் எப்போதும் விமானத்திலேயே இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்கக் கூடாது. ஆறு வருஷமாக மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் அமலராணி. அச்சில் இருப்பதுதான் சரி என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அது எலும்பில் ஏறியிருந்தது. அன்றைக்கே மாமியார் அடைக்கலமேரியிடம் சொன்னாள்.

"அத்தை, இது ஏரோப்ளேனை விட்டு எறங்கக் கூடாதாம். எறங்கி வந்திருக்குன்னா அவுகளும் எறங்கித்தான் இருக்கணும். இல்லாட்டி அதுல ஏறவே இல்ல."

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தைப் பிரித்தாள். பெட்ரோல் டாங்கிகள் பற்றிய பக்கத்தில் அவன் எட்டு மணி நேரம் மேகத்துக்குள் பறந்தான். ஒரு என்ஜின் நின்றாலும் இன்னொன்றை வைத்து ஓட்டலாம் என்ற பக்கத்தில் பத்து நாள் இருந்தான். சக்கரத்தை இறக்காமல் வயிற்றால் தரை தட்டும் முறை ஜூலையில் வந்தது. அன்று அவனை ஏதோ ஆற்று மணலில் பத்திரமாக இறக்கிவிட்டு, அவள் நிம்மதியாகச் சோறு தின்றாள். ஆரம்பத்தில் கடலை உரித்துக்கொண்டே கேட்ட அடைக்கலமேரி, பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்போது கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள். அன்று ஆவூர் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். கோயில் உபதேசியார் இன்னாசி வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பங்கிராசின் பெயரைக் கொடுத்துவிட்டால் அமலராணி தாலியைக் கழற்ற வேண்டும்.

"பேரு வாசிக்கலைன்னா எம்புள்ளைக்காக யாரு வேண்டுவா? பாவம் தீர்ற வரைக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துல அநாதையா கெடப்பான்" என்றாள் அடைக்கலமேரி.

"உசுரோட இருக்கவுகளுக்கு எதுக்கு அத்தை?"

இரண்டு பேரும் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பங்கிராசோடு ஒரே முகாமில் வேலை பார்த்த கண்ணுசாமி லீவில் வருகிறான். அவன் சொல்கிறபடி செய்வது.

கண்ணுசாமி பின்னட்டையைத் திருப்பி அங்கிருந்த எண்ணைப் பார்த்தான். இன்னொரு தரமும் பார்த்தான்.

"தங்கச்சி, இது வேற வண்டியோட புத்தகம்."

அமலராணி முதல் பக்கத்துக்குத் திருப்பிச் சிவப்பு வரியைக் காட்டினாள்.

"பெரிய சண்டையில அமெரிக்காக்காரன் விட்டுட்டுப் போன வண்டிங்க. ஒன்னோட றெக்கைய எடுத்து இன்னொன்னுக்குப் போடுவோம். கிழவின்னுதான் கூப்புடுவோம். கிழவி இருமுனா பங்கிராசுக்குத்தான் மொதல்ல கேக்கும். இந்த நம்பர் வண்டிய அம்பத்தொம்பதுலயே ஒடைச்சாச்சு. புத்தகத்த எரிக்கப் போட்டாங்க, அவன் கேட்டு வாங்கிக்கிட்டான். பரீட்சைக்குப் படிக்க."

"என்ன பரீட்சை?"

"பாஸ் பண்ணா ப்ரமோஷன். அது வந்தாத்தான் குவார்ட்டர்ஸ். ஒன்னையக் கூட்டிட்டுப் போகத்தான். 'வாத்திச்சி வரட்டும், இங்கிலீஷ் தப்பாப் பேசுனா ஒங்க எல்லாரையும் பெஞ்சுல ஏத்தும்டா'ம்பான்."

பங்கிராஸ் ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்தாறு இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி அர்த்தம் கேட்பான். பொண்டாட்டிக்கு எழுத வேறு விஷயமே இல்லையா என்று ஒரு தடவை கோபித்து எழுதியிருந்தாள். அந்த அர்த்தங்களை அவன் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததைத் தினமும் பார்த்திருந்தாள்; எதற்கென்று இப்போதுதான் தெரிந்தது. ஸீபேஜ்: கசிவு, சொட்டுச் சொட்டாக ஒழுகுதல். அவள் எழுதியது எழுதியபடியே.

"அப்ப, அவுக போன வண்டியோட புத்தகம்?"

கண்ணுசாமி தரையைப் பார்த்தான். "அது அதுலதான் இருந்துச்சு, தங்கச்சி."

அடைக்கலமேரி எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். "குடி தம்பி. வெயில்ல வந்திருக்கே."

சாயங்காலம் அமலராணியே உபதேசியார் வீட்டுக்குப் போனாள். அவர் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"எறந்த தேதி என்னம்மா?"

"தேதி வேணாங்க. பேரு மட்டும் வாசிங்க."

கல்லறைத் திருநாளன்று பூசை முடிந்து சனம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அவரவர் கல்லறையில் சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடைக்கலமேரியும் ஒன்றை ஏற்றிவிட்டாள். அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு இங்கிட்டும் அங்கிட்டுமாக நடந்தாள். தன் புருஷன் கல்லறையருகே நின்றாள். அங்கே வைக்காமல் நகர்ந்தாள். அமலராணி மதிலோரம் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே வெறும் மண்ணில் உட்கார்ந்து, கையகல இடத்தைச் சுத்தம் செய்தாள். கல் பொறுக்கினாள். வேர்களைப் பிடுங்கினாள். கிழவி வந்து நின்றாள். உருகிய மெழுகு அவள் விரல்களில் வழிந்து உறைந்திருந்தது. அமலராணி இன்னும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.