கட் பண்ணினால் நலம்

அயனம்பாக்கம் ஏரிக் கொசுக்களைப் பற்றி நான் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. போன மழைக்காலத்தில் நான்கு கொசுக்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து என் போர்வையைத் தூக்கிக்கொண்டு போயின. மறுநாள் துவைத்துக் கொண்டுவந்து போட்டன. டீக்கடையில் இதைச் சொன்னபோது வேம்புலி, "சோப்பு யார்து அண்ணாத்தே?" என்று மட்டும்தான் கேட்டான். அப்பேர்ப்பட்ட கடையில்தான் நான் சொன்ன ஒரே ஒரு நிஜம் எடுபடவில்லை.

என் மகன் ஆன்டோ கத்தாரில் வேலை செய்கிறான். போன புதிதில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ஒரு ரிங் விட வேண்டும். அவன் அதைக் கட் பண்ணிவிட்டு அங்கிருந்து கூப்பிடுவான். நாளாக ஆகக் கூப்பிடுவது நின்றுபோய், கட் பண்ணுவது மட்டும் தங்கிவிட்டது. நான் ரிங் விடுவேன். அவன் கட் பண்ணுவான். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். பேச்சு முடிந்தது.

அவன் அம்மா ஞானகுமாரி காலமான பிறகு, வீட்டில் என் பேச்சைக் கேட்க ஜன்னல் மூலையில் ஒரு சிலந்தி இருந்தது. கேட்டுக்கொள்ளும். பதில் சொல்லாது.

டிவி வினாடி வினாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போனேன். பரிசுக்காக அல்ல. விடை தெரியாவிட்டால் வேண்டியவர் ஒருவருக்குப் போன் போட்டு அரை நிமிடம் பேசலாம் என்று அதில் ஒரு சலுகை இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்காமலா போவான்? அரை நிமிடம் அவன் குரலைக் கேட்டால் போதும்.

"பையன் கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க சார்" என்றார்கள். சொல்ல வேண்டுமென்றால் அவன் எடுக்க வேண்டுமே.

பூந்தமல்லிப் பக்கம் ஸ்டுடியோ. ஏசி எப்படியென்றால், நான் தும்மியது கீழே விழுந்து உடைந்தது. பெருக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

"சிலந்திக்கு எத்தனை கால்?" என்றார் தொகுப்பாளர்.

என் வீட்டுக் குடித்தனக்காரரைப் பற்றி என்னிடமே கேள்வி!

"என் புள்ளய கேட்டு சொல்றேன் சார்."

"இதுக்கா ஐயா?"

ஸ்டுடியோ லைனில் வெளிநாட்டு நம்பர் போகவில்லை. சவுண்டு பார்க்கும் கலியமூர்த்தி என் பட்டன் போனிலேயே ஒயரைச் செருகி நம்பரை அழுத்தினார். அரங்கம் முழுக்க ஸ்பீக்கரில் ரிங் போனது. ஒரே ரிங். கட்.

மறுபடி போட்டார். ஒரே ரிங். கட்.

"என்னங்கய்யா, கட் பண்றாரு?"

"அப்டீன்னா நல்லா கீறான்னு அர்த்தம் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விடை கேட்டபோது வாயில் ஆறு என்று வந்தது. எழுந்துபோய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன்.

அடுத்து வந்தது ஆவடிப் பெண் எவாஞ்சலின். கடைசிக் கேள்வி வரைக்கும் ஏறிவிட்டாள். கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும் விடை சொல்லிக்கொடுத்ததாகக் கணக்கு. அவள் ஆட்டம் அதோடு காலி. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஒயரைப் பிடுங்க மறந்திருந்த கலியமூர்த்தி, அணைக்கிறேன் என்று பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

"நைனா!" என்றது ஸ்பீக்கர். "இன்னா, ரெண்டு வாட்டி அட்ச்சிகீற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அரங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எவாஞ்சலினும் கண்ணைத் திறந்து பார்த்தாள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அலோ... சாப்ட்டியா? மூட்டு வலி எப்டி கீது? இன்னா நைனா, சத்தத்தயே காணோம்... லைன் போச்சா? சர்தான், டூட்டிக்கு டைமாச்சு. நீ பாட்டுக்கு கதவத் தொறந்து போட்டுகினு தூங்காத. ஊட்ட பூட்டிகினு படு, இன்னா?"

வைத்துவிட்டான். அரை நிமிடம் இருக்கும். எவாஞ்சலின் ஜெயித்தாள்.

போன் கைக்கு வந்ததும் ஒரு ரிங் விட்டேன். கட்.

ஒளிபரப்பில் அந்த இடத்தையே வெட்டிவிட்டார்கள். நான் ஆறு கால் என்று சொன்னதை மட்டும் விடாமல் காட்டினார்கள். மறுநாள் டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். வேம்புலி கிளாசைக் கீழே வைத்தான்.

"கொசு போர்வய தொவச்சிதுன்ன. சரின்னு நம்புனேன். ஆன்டோ தானா போன் பண்ணானா? டூப்பு உடாத அண்ணாத்தே."

"டூப்புதான்டா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சிலந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வாசல் கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறானே.