நவம்பர் மிளகாய்

செத்தவள் கூடத்தில் கிடக்க, லோகன் வாசலில் நின்று மோர் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். பார்த்ததும் அவன் அக்கா சீதாலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொண்டாட்டி உள்ள கெடக்குறா, நீ என்னாடா பண்ற? எழவு வீட்டு மிளகாய யாரு திம்பா? தூக்கி வீசு லா!”

“இது கடைசி வெயில்க்கா. இன்னைக்குக் காஞ்சிட்டா போதும்.”

தங்கமணி விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அதிகாரத்துக்குக் குறைச்சலில்லை. தினமும் காலையில் அவள் கட்டிலிலிருந்து ஏவ, அவன் மோரில் ஊறிய மிளகாயை அள்ளித் தாம்பாளத்தில் பரப்புவான். இன்று ஏவ ஆளில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

கிள்ளானில் மோர் மிளகாய் போடுவதென்றால் பிப்ரவரியில்தான். அப்போது வெயில் பொழுது சாயும்வரை நின்று அடிக்கும். நவம்பர் வெயில் காலையில் பல்லைக் காட்டும்; சோறு தின்று கை கழுவுவதற்குள் மழை வந்துவிடும்.

“பிப்ரவரி வரைக்கும் பொறுக்காதா ஒனக்கு?” என்று போன வாரம் கேலி செய்தான். அவள் சிரிக்கவில்லை. “நெறையவே போடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்குக் காரமே ஆகாது. மோர் மிளகாய் இல்லாமல் தயிர்ச்சோறு இறங்காதவன் அவன்தான். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். காப்பார் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அண்ணே, மழைக்கு முன்னாடி தூக்கிடலாமா?” என்றார் பெட்டியை ஏற்றிப்போக வந்திருந்த வேன்காரர்.

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்த நேரம், லோகனின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. தோளைக் கொடுத்தவன் சட்டென்று விலகி ஓடினான்.

“டேய்! எங்கடா ஓடுற?” சீதாலெட்சுமி கத்தினாள்.

தாம்பாளத்தோடு வந்தான். வைக்க இடமில்லை. பெட்டி வாசல் தாண்டியதும் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். வேனில் ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

வேன்காரர் திரும்பிப் பார்த்தார். “என்னாண்ணே அது?”

“மோர் மிளகாய். நீங்க போங்க, பாஸ்.”

எதிரே உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழியெல்லாம் மழை வேன் கூரையில் அடித்தது. வேனுக்குள் புளித்த மோர் வாசம்.

மின்சுடலையில் ஒரு பொட்டு மழை இல்லை. இந்த ஊரில் அப்படித்தான், ஒரு தாமான் குடியிருப்பில் கொட்டும், அடுத்த தாமானில் துணி காயும். பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். லோகன் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தான். மதில்மேல் நல்ல வெயில். காக்காய்களும் அங்கேதான் இருந்தன.

உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை.

“குடுடா இப்புடி,” என்றாள் சீதாலெட்சுமி.

“எழவு வீட்டு மிளகாய்னு சொன்னியேக்கா.”

“கூப்புடுறாங்க பாரு. போ.”

எல்லாம் முடிந்து அவன் வெளியே வந்தபோது, அவள் மதிலோரம் நின்று முந்தானையை வீசிக் காக்காய்களை விரட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய்களை ஒருமுறை புரட்டியும் போட்டிருந்தாள்.