முன்னோர் தீயின் கட்டை

ஒரு ஜெர்மன் பயணியை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் மணல் பாதையில் ஓட்டிவந்து கூடாரம் அடித்ததும், வண்டியோட்டி உவாஹெங்கோ சமைக்க விறகு தேடினான். ஹிம்பாப் பழங்குடியினரின் குடியிருப்பு நடுவே சாம்பலோரம் கிடந்த காய்ந்த கட்டையைத் தூக்கிவந்தான்.

ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "டேய், எங்க முன்னோரைக் கும்பிடற தீயிலயா கை வெச்சே? பெத்தவ இதைக்கூடச் சொல்லித் தரலியா?"

அவள் பேசிய ஹெரேரோதான் அவனுக்கும் தாய்மொழி. புரியாதவன்போல நின்றான்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஜெர்மன் பயணி.

"கட்டை ஈரமாம் சார், எரியாதாம்."

"நல்லவங்கப்பா. நன்றி சொல்லு."

கட்டையை அவளிடம் நீட்டினான். "மன்னிச்சிடுக்கா" என்று தாய்மொழியிலேயே வந்துவிட்டது.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அட, நம்ம புள்ளையா? வெளியாளுன்னா மன்னிச்சிருப்பேன்."

அவனால் தலை நிமிர முடியவில்லை.