தடிக்காத ஊசி

இடுப்பில் ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்து அரித்தால்தான் வனஜாவுக்கு நிம்மதி. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தடுப்பூசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் 'ஊசி வேலை செய்யுது' என்று சந்தோஷப்படுகிற ஊரில் அவள் மட்டும் வேறு எப்படி நினைப்பாள்? அது கருமுட்டை வளர்வதற்கான ஊசி. மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுப்பது என்று கேட்டபோது குமட்டியது. பிள்ளை ஆசையில் பொறுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டில் மருந்துப் பெட்டி மாறியது. மாலையில் பட்டாபிராம் வீட்டுக்கே வந்து ஊசி போடும் நர்ஸ் ஞானம்மாள், "டாக்டரம்மா புதுசா எழுதிக்கீறாங்க" என்றாள். போட்டாள். தடிக்கவில்லை. மறுநாளும் இல்லை.

"நெஜ மருந்த வித்துட்டு எனக்குத் தண்ணிய ஏத்திகினு கீறா" என்றாள் வனஜா கணவனிடம்.

உத்தமன் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன், எதையும் நேராகப் பேசுகிறவன். "அவங்களயே கேட்டுடு" என்றான்.

கேட்டாள். ஞானம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "கர்த்தர் மேல ஆணை, பெட்டில இருந்ததத்தான் போட்டேன். என்னப் பாத்து இப்டி கேட்டுட்டியே!"

திருடாதவள் எதற்கு ஆணையிட வேண்டும்? வனஜாவின் சந்தேகம் இன்னும் முற்றியது.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று மாலை ஊசியை நிறுத்தவில்லை. காலையில் யாருக்கும் சொல்லாமல் ஆவடிக்குப் போய், பழைய சீட்டைக் காட்டிப் பழைய மருந்தை வாங்கி, ஒரு கம்பவுண்டரிடம் போட்டுக்கொண்டாள். இடுப்பு நன்றாகத் தடித்தது. அப்பாடா என்றிருந்தது.

ஸ்கேன் எடுக்கப் போனபோது வயிறு உப்பி, புடவைக் கட்டு இறுக்கியது. டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "வேற எங்கயாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

வனஜா சொல்லிவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது! பழைய மருந்துல சிறுநீர்ல இருக்கற வேற புரதமெல்லாம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். உங்களுக்குத் தடிச்சது அந்த அழுக்காலதான், மருந்தால இல்ல. புதுசு லேப்ல செல் வளர்த்து எடுக்கறது. அதுல அந்த அழுக்கே கிடையாது."

"அப்போ ஞானம்மாக்கா போட்டது..."

"நல்ல மருந்து. அது மேல நீங்க இன்னொண்ணும் போட்டுட்டீங்க."

வனஜாவுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. "முட்ட வளந்துகீதா டாக்டர்?"

"முப்பதுக்கு மேல இருக்கு. சினைப்பை வீங்கி வயித்துல நீர் கோத்திருக்கு. இப்போ கரு தங்கினா உங்க உயிருக்கே ஆபத்து. இந்த மாசம் அத்தனையும் விட்டுடணும்."

"எனக்கு ஒண்ணு போதும் டாக்டர்" என்றாள் வனஜா. "ஒண்ணே ஒண்ண மட்டும் வச்சிக்க முடியாதா?"