பதினேழாம் வரிசை

இருபத்திரண்டு வருஷமாக அந்த அரங்கத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு ஜன்னலக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. மேனேஜரிலிருந்து கழிப்பறை கழுவுகிறவள் வரை எல்லாருக்கும் ஜன்னலக்காதான். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருந்தது. அதுவரைக்கும் பேர் கெடாமல் உட்கார்ந்துவிட்டு, வர வேண்டிய பென்ஷனோடு எழுந்து போய்விட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

கடல் தாண்டி ஒரு தமிழ் ராக் இசைக்குழு வரப்போகிறது என்று மேனேஜர் சொன்னபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர்கள் போட்ட நிபந்தனைகளை அவர் படித்துக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள். முன் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே விலை. அந்த விலைக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கலாம், அவ்வளவுதான். அரங்கம் தன் பங்குக்குச் சேவைக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று எதையும் மேலே ஏற்றக் கூடாது. ஜன்னலில் மட்டும்தான் விற்பனை, ஆளுக்கு இரண்டு. பெரிய மனுஷர்களுக்கென்று ஒரு நாற்காலிகூட ஒதுக்கக் கூடாது. கூடுதல் விலைக்கு ஒரு டிக்கெட் கைமாறினாலும் அரங்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

"எவ்வளவு நல்ல பசங்க பாருங்கக்கா" என்றார் மேனேஜர்.

"இவ்வளவு நல்லவங்களை நான் இந்த ஜன்னல் வழியா இதுவரைக்கும் பாத்ததில்லை சார்."

"உங்களுக்கு எதுலதான் சந்தேகம் வராது?"

குறைந்த விலைக்கு விற்கிறேன் என்று ஒருத்தன் தானாக முன்வந்தால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அவள் புத்திக்குப் பட்டது. அந்த ஓட்டை தன் ஜன்னலாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

விற்பனை நாளன்று காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது. பெரிய இருக்கைப் படம் ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, விற்ற நாற்காலியை நீலப் பென்சிலால் அடித்துக்கொண்டே போவது அவள் வழக்கம். பதினாறு, பதினேழு, பதினெட்டு, இந்த மூன்று வரிசைகளின் நடுவில் வரிசைக்குப் பன்னிரண்டாக முப்பத்தாறு நாற்காலிகளை மேனேஜர் முன்னதாகவே சிவப்பால் அடித்துக் கொடுத்திருந்தார். குழுவின் ஒலிக்கருவி மேசை அங்கே வருமாம். குழுவிலிருந்து வரைபடமே அனுப்பியிருந்தார்கள்.

பத்து மணிவாக்கில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது அவள் மாப்பிள்ளை.

"ரெண்டு டிக்கெட் குடுங்க அத்தை" என்றார் மரியாதையாக.

மாப்பிள்ளை இப்போது துணி துவைக்கும் இயந்திரம் பழுது பார்க்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் சினிமா கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர். இந்தச் சங்கதி தாலி ஏறிய மூன்றாம் மாசம்தான் தெரியவந்தது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அவள் மட்டும் அதை மறந்ததே இல்லை. மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். மாப்பிள்ளையிடம் என்னவென்று கேட்பது?

மத்தியானத்துக்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டது.

நாலாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கைபேசியில் ஒரு படம் காட்டினார். இரண்டு டிக்கெட்டை ஒருத்தன் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறான். நாற்காலி எண் மேல் அவன் கட்டைவிரல். கீழே ஒரு தொலைபேசி எண், பன்னிரண்டு மடங்கு விலை. ரசிகர் ஒருத்தர் இதைப் போட்டு, 'ஒரே விலை என்று சொன்னீர்களே, இது என்ன?' என்று கேட்க, ஊரே சிரிக்கிறதாம். எங்கள் பக்கம் தவறில்லை, அரங்கத்தின் விற்பனை ஜன்னலைத்தான் விசாரிக்க வேண்டும் என்று குழுவும் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிவிட்டதாம்.

"நான் உங்களைச் சொல்லலக்கா" என்று இழுத்தார் மேனேஜர். "ஆனா உங்க மாப்பிள்ளை வரிசையில நின்னாராமே?"

"வரிசையில நின்னா ரெண்டு டிக்கெட் குடுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ரெண்டுதான் குடுத்தீங்களா?"

அந்தக் கேள்வி அவளை அறைந்த மாதிரி இருந்தது. அவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். மெமோ. நிகழ்ச்சிக்கு மறுநாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலைநீக்கம் வரை நடவடிக்கை. பென்ஷன் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. இருந்தாலும் அவள் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

சாயந்திரம் நேராக மகள் வீட்டுக்குப் போனாள். கூடத்தின் நடுவில் ஒரு துவைக்கும் இயந்திரத்தின் வயிற்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு துளை போடும் கருவி, பெட்டியோடு. அவள் கண் அந்தப் பெட்டியிலேயே நின்றது. இதற்குக் காசு ஏது?

"ஏண்டி, உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ரெண்டு டிக்கெட் வாங்கினாரே, அது பத்திரமா இருக்கான்னு கேளு" என்றாள் மகளிடம்.

மாப்பிள்ளை நாலடி தூரத்தில்தான் இருந்தார்.

"அம்மா கேக்கறாங்க" என்றாள் மகள்.

"இருக்குன்னு சொல்லு" என்றார் அவர், திருகாணியைப் பல்லில் கடித்தபடி.

"பாத்தா மனசுக்கு நிம்மதியா இருக்கும்னு சொல்லு."

"எதுக்கு நிம்மதி கெட்டுச்சுன்னு கேளு."

இப்படி மகளை நடுவில் தபால்பெட்டியாக வைத்துக்கொண்டு கால் மணி நேரம் போனது. மகளுக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் நேரா பேசிக்குங்க, நான் அடுப்பைப் பாக்கணும்" என்று எழுந்துபோய்விட்டாள். கூடத்தில் இரண்டு பேரும் இயந்திரமும் மட்டும் மிஞ்சினார்கள். மாப்பிள்ளை திருகாணியை வாயிலிருந்து எடுத்தார்.

"கேளுங்க அத்தை. பத்து வருஷமா கேக்கணும்னு நினைக்கிறதைக் கேளுங்க."

அவள் கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். இருபத்தொன்பதாம் வரிசை. அவள் கையாலேயே நீலப் பென்சிலில் அடித்த இடம். பிறகு மெமோவை வாங்கிப் படித்தார். படத்திலிருந்த எண்ணைக் கேட்டார். மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அவள் காட்டினாள். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அந்த எண்ணைக் கூப்பிட்டார். அவர் குரலே மாறிப்போனது. பழைய கொட்டகை வாசல் குரல் அதுதான் போலும்.

"அண்ணே, டிக்கெட் இருக்குன்னு பாத்தேன்."

"இருக்கு. விலை குறைக்க மாட்டேன்."

"விலை கிடக்கட்டும். தூணுக்குப் பின்னாடி தள்ளிவிட்டுட்டீங்கன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"தூணா? நட்ட நடு ஹாலு தம்பி. பதினேழாவது வரிசை. சவுண்டு மேசை பக்கத்துலயே. பாடறவன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்கும்."

"எத்தனை இருக்கு?"

"உனக்கு எத்தனை வேணும்?"

மாப்பிள்ளை, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். "பாத்தீங்களா அத்தை, எத்தனை இருக்குன்னு கேட்டா எத்தனை வேணும்னு திருப்பிக் கேக்கறான். அவன் கையில ரெண்டு டிக்கெட் இல்ல. கட்டு இருக்கு."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பதினேழாம் வரிசை நடு. "அதை நான் விக்கவே இல்லையே" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "அது சிவப்புல அடிச்சது."

போகும்போது சமையலறைப் பக்கம் திரும்பி, "அவருக்கு இன்னொரு டீ போட்டுக் குடுடி, பாவம்" என்றாள். அவளால் கேட்க முடிந்த மன்னிப்பு அதுதான். மாப்பிள்ளைக்கும் அது புரிந்தது.

மேனேஜரிடம் அவள் வாயே திறக்கவில்லை. ஜன்னலைத் தவிர டிக்கெட் அச்சடிக்கும் இயந்திரம் அவர் அறையில் மட்டும்தான் இருக்கிறது. மனுஷன் முட்டாளா, கூட்டாளியா என்று தெரியாமல் யாரிடம் எதைச் சொல்வது? நிகழ்ச்சி நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அன்று பதினோரு மணிக்கு, ஆடுகிற நாற்காலிகளைக் குறித்துவர வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு அரங்கத்துக்குள் போனாள். ஒலிக்கருவி மேசையைப் போட்டு முடித்திருந்தார்கள். பதினெட்டாம் வரிசையில் மட்டும் நாற்காலிகளைக் கழற்றியிருந்தார்கள். மேசை அதிலேயே தாராளமாக அடங்கிவிட்டது. பதினாறிலும் பதினேழிலும் இருபத்துநாலு நாற்காலிகள் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர் பாட்டில்.

குழுவின் சவுண்டுக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். மூணு வரிசை கேட்டிருந்தீர்களே, ஒன்று போதுமா என்று அவள் சாதாரணமாக விசாரித்தாள். மற்ற இரண்டிலும் ஒயர் போகும் என்றார் அவர்.

"ஒயருக்குத் தண்ணி தாகம் எடுக்குமா தம்பி?"

அவர் காதிலிருந்ததைக் கழற்றவில்லை. ஆனால் கேட்டுவிட்டது என்பது அவர் கழுத்து சிவந்ததில் தெரிந்தது. எதுவானாலும் பாடகரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பாடகருக்குச் சடை சடையாக முடி. அரங்கத்துப் பணியாட்கள் இரண்டே நாளில் சடையன் என்று பேர் வைத்துவிட்டார்கள். நாலு மணிக்கு அவரே ஜன்னலறைக்கு வந்தார். மலிவு விலையில் டிக்கெட் விற்ற ஜன்னலோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வெளியே நூற்றுக்கணக்கில் கூட்டம் நின்றிருந்தது. படம் எடுக்க வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். ஜன்னலின் இரும்புத் திரையையும் இறக்கினாள். இருக்கைப் படத்தை விரித்து, சிவப்பில் அடித்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல மேசைக்குப் பன்னிரண்டு போச்சு தம்பி. மீதி இருபத்துநாலும் பன்னிரண்டு மடங்குக்கு வெளியில போயிருக்கு. மெமோ என் பேருக்கு வந்திருக்கு."

சடையன் படத்தைப் பார்த்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்மா?"

அவளுக்கு அது போதுமாக இருந்தது. தெரியாத மனுஷனாக இருந்தால் யார் செய்தது என்றல்லவா கேட்பான்?

அவர் மறைக்கவில்லை. ஒருவேளை இனி மறைக்க முடியாது என்று தெரிந்திருக்கலாம். உட்கார்ந்து, தணிந்த குரலில், நியாயம் பேசுகிறவர் மாதிரியே பேசினார். அந்த விலைக்கு விற்றால் கருவிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கூலிகூட மிஞ்சாதாம். ஒவ்வொரு ஊரிலும் இருபத்துநாலு நாற்காலியில்தான் அந்தப் பள்ளம் நிரம்புகிறதாம். ஆயிரத்து எண்ணூறு பேர் மலிவாகப் பார்ப்பதற்காக, வசதி இருக்கிற இருபத்துநாலு பேர் கொடுத்தால் என்ன என்றார். மேனேஜருக்கு எதுவும் தெரியாதாம். மேசை டிக்கெட்டை வேறு யாரும் அச்சடித்துவிடக் கூடாது என்று சொல்லி, அவரையே அச்சடிக்க வைத்து, உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

அவள் முழுக்கக் கேட்டாள். கணக்கு சரியாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

"இதை முன்னாடியே போர்டுல எழுதியிருக்கலாமே. இருபத்துநாலு சீட்டு இந்த விலை, மத்ததெல்லாம் இந்த விலைன்னு. நானே இந்த ஜன்னல்ல உக்காந்து வித்துக் குடுத்திருப்பேன். யார் வேண்டாம்னா?"

"அப்புறம் ஒரே விலைன்னு சொல்ல முடியாதேம்மா."

"அதைச் சொல்லி நீங்க பேர் வாங்கணும். அந்தப் பேருக்கு நான் மெமோ வாங்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிகழ்ச்சி முடியட்டும், மேனேஜரிடம் தானே பேசுகிறேன் என்றார். அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் விமானத்துக்கு ஓடுகிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். இப்போதே எழுத வேண்டும், இல்லையென்றால் திரையைத் தூக்கி, வெளியே நிற்கிறவர்களிடம் பதினேழாம் வரிசையைப் பற்றித் தானே சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். குரலை உயர்த்தவில்லை. யாருக்கு எந்த நாற்காலி என்று சொல்கிற அதே குரல்தான்.

அவர் எழுதினார். அந்த இருபத்துநாலு டிக்கெட்டும் குழுவின் கைக்கு வந்தவை, விற்றதும் குழுதான், ஜன்னலுக்கு இதில் சம்பந்தமில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். தேதி இல்லை. தேதி போடச் சொன்னாள். கையெழுத்துக்குக் கீழே முழுப்பேரையும் எழுதச் சொன்னாள். அது ரசிகர்களுக்குப் போடுகிற கையெழுத்தா, வங்கியில் போடுகிற கையெழுத்தா என்று கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டு, பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"வெளியே சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார், எழுந்திருக்கும்போது.

"எனக்கு மெமோ குடுத்தது மேனேஜர். அவருக்கு நான் பதில் சொல்லியாகணும். உங்களுக்கு மெமோ குடுக்க வேண்டியவங்க வெளியே வரிசையில நிக்கறாங்க. அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு நீங்க பாத்துக்குங்க."

ஆறு மணிக்கு அவர் மேடையில் ஏறி, முதல் பாட்டுக்கு முன்னால் என்னவோ பேசினார். ஜன்னலறைக்குள் வார்த்தை கேட்கவில்லை, கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது. அது கைதட்டலா, கூச்சலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகளும் மாப்பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று மேனேஜர் அறைக்குப் போனாள்.

அவர் கடிதத்தைப் படித்தார். ஆச்சரியப்பட்டார். தேவைக்குச் சற்று அதிகமாகவே ஆச்சரியப்பட்டதாக அவளுக்குப் பட்டது. அப்படியே மெமோவை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மறுபடி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நகல்தானேக்கா? ஒரிஜினலைக் குடுங்க, ஃபைல்ல வெச்சுடறேன்."

"அது என் மாப்பிள்ளைகிட்ட இருக்கு சார்."

"அவர்கிட்ட எதுக்கு?"

"பத்திரமா இருக்கும். பதினாலு மாசம் கழிச்சு நானே வாங்கிக் குடுக்கறேன்."