இரண்டு மாதம் குறைவு

ஆபீசில் எனக்கு 'ரூல்ஸ்' என்று பெயர். முப்பத்தைந்து வருஷம் பென்ஷன் பிரிவில் குப்பை கொட்டிச் சம்பாதித்த ஒரே பட்டம். யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டாமலே ஒப்பிப்பேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. இந்த மாதக் கடைசியில் நானே ஓய்வு பெறுகிறேன். "அண்ணே, உங்க ஃபைல் என் டேபிளுக்குத்தான் வரும். எதுலயாவது மாட்டுறீங்களான்னு பார்ப்போம்" என்று பக்கத்து மேஜைக்காரர் கிண்டலடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைதான் அவள் வந்தாள்.

டோக்கன் நாற்பத்தொன்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. விவாகரத்தாகி இருபத்தோரு வருஷம் கழித்து என் முதல் மனைவியைப் பார்க்கிறேன்.

"சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"எனக்கு எதுக்கு இப்ப வாங்க போங்க எல்லாம்?" என்று சிரித்தாள். "நல்லா இருக்கீங்களா? வீட்ல எப்படி இருக்காங்க?"

வீட்டில் என்றால் என் இரண்டாவது மனைவி. நன்றாக இருக்கிறாள் என்றேன். அவள் ஒரு படிவத்தை எடுத்துத் தடுப்பின் இடுக்கு வழியே தள்ளினாள். விவாகரத்தான மனைவிக்கு அரசு தரும் மாதத் தொகைக்கான விண்ணப்பம். ஓய்வு பெறும் ஊழியர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"இந்த மாசம் நீங்க ரிட்டயர் ஆகறீங்கன்னு தெரியும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல துணி மடிச்சு மடிச்சே தோள்பட்டை போச்சு. காண்ட்ராக்ட் வேலை, அங்க பென்ஷன் கின்ஷன் ஒண்ணும் கிடையாது. இதை நம்பித்தான் மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்றிதழ். ஒன்றல்ல, இருபத்தொன்று. வருஷத்துக்கு ஒன்றாகத் தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்து வாங்கியிருக்கிறாள். எங்களுக்கு விண்ணப்பத்தோடு ஒன்றே ஒன்று போதும். வருஷாவருஷம் யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் மடித்து வைத்திருந்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வச்சேன். நீங்கதானே சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். அதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருக்கிறேன்.

விதி இதுதான். விவாகரத்தான மனைவிக்கு இந்தத் தொகை கிடைக்க வேண்டுமென்றால் அவள் மறுமணம் செய்திருக்கக் கூடாது. அதற்கும் முன்னால், கல்யாணம் பத்து வருஷம் நீடித்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணம் நீடித்தது ஒன்பது வருஷம் பத்து மாதம். இதில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தொகையை அரசு தனியாகத் தருகிறது. என் பென்ஷனில் ஒரு காசு குறையாது. இரண்டாவது மனைவிக்கும் குறையாது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அவள் பொறுக்கச் சொல்லத்தான் செய்தாள். அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது முடிகிற வரை தள்ளிப் போடலாம், மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வரும் என்று கெஞ்சினாள். எனக்கோ தலைபோகிற அவசரம். இப்போது வீட்டில் இருப்பவளைக் கட்டிக்கொள்ளும் அவசரம். கோர்ட் வராந்தாவில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "பின்னாடி உங்க பென்ஷன்ல எனக்கு ஏதாவது உண்டா?" முழுசாகச் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். "நீ வேற கல்யாணம் பண்ணிக்காம இருந்தா உண்டு" என்றேன். பாதி விதி. அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டாள். ஊருக்கே ரூல்ஸ் சொல்கிறவன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

இப்போதும் தப்பிக்க வழி இருந்தது. 'நடுவுல ரூலை மாத்திட்டாங்க' என்று ஒரு வார்த்தை போதும். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அந்தச் சான்றிதழ்க் கட்டைப் பார்த்தேன். முடியவில்லை.

"இது கிடைக்காது" என்றேன். "பத்து வருஷம் ஆகியிருக்கணும். நமக்கு ரெண்டு மாசம் குறையுது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லலை."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரல்களை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப நான் கல்யாணம் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் போயிருக்காது?"

"போயிருக்காது."

"ஆஸ்பத்திரி வண்டி டிரைவர் ஒருத்தர் கேட்டாரு. மூணு வருஷம் விடாம கேட்டாரு. பென்ஷன் போயிடும்ங்க, வயசான காலத்துல யாரு பார்ப்பான்னு சொல்லிட்டேன். நான் பார்க்க மாட்டேனான்னாரு. அப்புறம் கேக்கறதை விட்டுட்டாரு. கடைசி வரைக்கும் தனியாத்தான் இருந்தாரு." அவள் கட்டின் ஓரத்தை விரலால் நீவினாள். "போன வருஷம் எங்க ஆஸ்பத்திரியிலயே போய்ச் சேர்ந்துட்டாரு. அவர் கட்டில் விரிப்பு சலவையாகி வந்தப்ப நான்தான் மடிச்சேன்."

"மாசாமாசம் என் பென்ஷன்லேர்ந்து உனக்கு ஒரு தொகை…" என்று ஆரம்பித்தேன்.

"வேணாங்க. வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்ததைத் திருப்பித் தருவாங்களான்னு சலவைப் பிரிவு மேஸ்திரியம்மாகிட்ட கேட்டுப் பார்க்கறேன்" என்று எழுந்தாள். பலகையில் நாற்பத்திரண்டு என்று எரிந்தது. காகிதக் கட்டை எடுக்கக் கை நீட்டியவள் நிறுத்தினாள்.

"அப்ப அடுத்த வருஷத்துக்கு இதைப் போய் வாங்க வேண்டாம், இல்ல?"

முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு சுலபமான சந்தேகத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.