பூட்டி வைத்த மைக்ரோஸ்கோப்

ஏரி மீன்கள் ஏன் சாகின்றன என்று கண்டுபிடிக்க ஒரு மைக்ரோஸ்கோப் வேண்டும் என்று வாணியம்பாடிப் பள்ளி விஞ்ஞான வாத்தியார் ஜலாலுத்தீன் மூன்று வருஷம் நடையாய் நடந்தார். 1932-ல் பள்ளி மேனேஜர் யாகூப் சாகிப் மதராஸிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். அவர் ஏரிக்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த முதலாளி. வாங்கி வந்த கையோடு அதைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆவணியில் மீன்காரி முனியம்மாள் செத்த கெண்டைகளைக் கூடையோடு கொண்டுவந்து அந்த அறை வாசலில் கொட்டினாள்.

"இன்னா நோவுன்னு பாத்துச் சொல்லுங்க வாத்தியாரய்யா. எங்க பொழப்பே போய்ட்டுது."

ஜலாலுத்தீன் சாவி கேட்டார்.

"அது ஸ்கூல் இன்ஸ்பெக்டர் துரை வந்தா காட்டறதுக்கு, மாஸ்டர். நாத்த மீனை வெக்கறதுக்கா?" என்றார் மேனேஜர்.

ஜலாலுத்தீன் மேசைமேலிருந்த பித்தளை மணியை எடுத்து அலமாரியை உடைத்தார். ரத்தம் வழியும் கையாலேயே மீன் செவுளைக் கிள்ளி, மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். வெந்துபோன செவுளில் சுண்ணாம்புத் தூள் அப்பிக் கிடந்தது.

"வந்து பாருங்க சாகிப்! உங்க ஷாப்புல தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டித் தண்ணிதான் இது!"

யாகூப் சாகிப் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நாளையிலேருந்து வேலைக்கு வராதே," என்றார்.

ஜலாலுத்தீன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கண்டதைப் படமாக வரைந்து, கலெக்டருக்குப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் முனியம்மாள், மேனேஜரை முறைத்தபடியே கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.